பழைய மோட்டார் சைக்கிள்: வைத்திருந்தால் ஓட்ட வேண்டும்



நம் பெரியபாளையம் கடைவீதியில் கொஞ்ச காலமாக ஒரு புது வகை வியாபாரிகள் நடமாடுகிறார்கள். அவர்கள் அரிசி கேட்பதில்லை, பருப்பு கேட்பதில்லை. கடைக்குள் எட்டிப் பார்த்து, "முதலாளி, வீட்டிலே பழைய புல்லட், எஸ்டி, ஆர்.எக்ஸ். 100 ஏதாவது நிக்குதா? ஓடாட்டியும் பரவாயில்லை, கையிலே பணம் தர்றோம்" என்று கேட்கிறார்கள். ஊத்துக்கோட்டை, தாமரைப்பாக்கம், வெங்கல், கவரப்பேட்டை என்று எல்லாப் பக்கமும் இதே கதைதான் என்று, கொள்முதலுக்குப் போகும் இடங்களில் சந்திக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள்.

கேட்டவுடன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னவர்கள் நம்மில் உண்டு. "இது எங்க அப்பா வண்டி, எவ்வளவு கொடுத்தாலும் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வண்டியைக் கிடங்கு மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர்களும் உண்டு. முதல் வகையினரைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டாம் வகையினரோடுதான் எனக்குப் பேச்சு. ஏனென்றால் நானும் நான்கு ஆண்டுகள் அந்த வகையில்தான் இருந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மோட்டார் சைக்கிளை வைத்திருப்பது என்றால், அதை ஓட்டுவது என்று பொருள். ஓட்ட முடியாதவர், ஓட்டுகிறவர் கையில் முறையாக ஒப்படைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மூடி வைப்பது பாசமும் ஆகாது, பெருமையும் ஆகாது. விற்காத சரக்கை அலமாரியில் வைத்துத் தூசியும் தட்டாமல் இருப்பதற்குச் சமம் அது.

கிடங்கில் நின்ற வண்டி

என் தகப்பனார் 1974ல் ஒரு புல்லட் 350 வாங்கினார். அந்தக் காலத்தில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்குவது ஊர் பேசும் சங்கதி. ஆனால் அப்பா அதைப் பவனி வருவதற்காக வாங்கவில்லை. செங்குன்றத்து அரிசி ஆலைகளுக்கும், சென்னை கொத்தவால் சாவடிக்கும் விடிவதற்கு முன்பே போய் விலை விசாரித்து, லாரியில் சரக்கு ஏற்றிவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவதற்காக வாங்கினார். அவசரச் சரக்கு என்றால் பின் சீட்டில் அரை மூட்டை பருப்பைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

நம் ஊரில் ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவானி அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் வேன் நுழையாது, மாட்டு வண்டி நுழையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் கற்பூரமும் வெல்லமும் மஞ்சளும் தீர்ந்துவிடும். அப்போதெல்லாம் அந்தப் புல்லட்தான் எங்கள் கடையின் மானத்தைக் காப்பாற்றியது. "இல்லை" என்ற சொல்லை ஆடி மாதத்தில் வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை.

2017ல் அப்பா காலமானார். வண்டியைக் கிடங்கில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்தினேன். விற்க மனம் வரவில்லை. ஓட்ட நேரம் இல்லை. முதல் வருடம் மாதம் ஒரு முறையாவது ஸ்டார்ட் செய்தேன். பிறகு அதுவும் நின்றது. 2021ல் ஒரு தரகர் வந்து கேட்டபோது தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். வயரை எலி கடித்திருந்தது. டாங்க்குக்குள் துரு. டயர் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. பிஸ்டன் போருக்குள் பிடித்துக்கொண்டதால் கிக்கர் இறங்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு நாற்பது வருடம் உழைத்த வண்டியை நான்கே வருடத்தில் நான் கெடுத்துவிட்டேன்.

தரகர் நல்ல தொகைதான் சொன்னார். நானும் சம்மதித்துவிட்டேன். "ஆர்.சி. புத்தகத்தைக் கொடுங்க" என்றார். எடுத்துப் பார்த்தால், அது இன்னும் அப்பா பேரில் இருந்தது. பதிவுக் காலம் 2019லேயே முடிந்திருந்தது. "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம், நீங்க ஒரு வெள்ளைத் தாளிலே கையெழுத்துப் போடுங்க" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. தராசு முத்திரையும், உணவுப் பாதுகாப்பு உரிமமும், ஜி.எஸ்.டி. கணக்கும் ஒரு நாள் தவறாமல் பார்க்கிற நான், செத்துப்போன தகப்பனார் பேரில் இருக்கும் வண்டியை, யாரென்று தெரியாத ஒருவருக்கு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்க இருந்தேன்! அவரை அனுப்பிவிட்டேன்.

வண்டியை என் பேருக்கு மாற்ற வேண்டும் என்றால் வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். பொன்னேரியில் இருக்கும் அக்காவிடம் போனேன். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "விக்கறதுக்கா தம்பி, ஓட்டறதுக்கா?"

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. "ஓட்டறதுக்குத்தான் அக்கா" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் இந்தக் கட்டுரையையும் எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஊர் வண்டி

இந்த வண்டிகளைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. புல்லட் என்றால் ஏதோ வெள்ளைக்காரன் வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். பிறந்தது இங்கிலாந்தில் என்பது உண்மைதான். ஆனால் வளர்ந்ததும் வாழ்ந்ததும் திருவொற்றியூரில். 2018ல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கும் வரை அந்த ஊர் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

1950களின் தொடக்கத்தில் நம் இராணுவத்துக்காக இந்த வண்டிகள் இறக்குமதி ஆயின. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்து நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. 1956ல் திருவொற்றியூர் ஆலை திறக்கப்பட்டது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளிவந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகத் தொடங்கின. 1970ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றே போயிற்று. திருவொற்றியூரில் மட்டும் அது நிற்கவில்லை. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆயிற்று என்றால் பாருங்கள்! 1994ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2013ல் ஒரகடத்தில் புதிய ஆலை தொடங்கியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அப்பா வாங்கிய அந்த 346 சி.சி. இரும்பு சிலிண்டர் எஞ்சின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. 2008ல் புதிய வகை எஞ்சின் அறிமுகமான பிறகுதான் அது மெல்ல விடைபெற்றது. அதனால்தான் ஐம்பது வயதான புல்லட்டுக்கும் இன்றைக்குப் பாகங்கள் கிடைக்கின்றன. வண்டி உறுதியானது என்பது பாதிக் காரணம்தான். அதன் உதிரிப் பாகத்தை விற்கிற சிறு கடையும், அதைப் பூட்டத் தெரிந்த கையும் இன்னும் இருக்கின்றன என்பது மீதிப் பாதி.

எல்லா வண்டிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மைசூரில் 1960ல் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனம் முதலில் ஜாவா என்றும் பிறகு எஸ்டி என்றும் வண்டிகள் தயாரித்தது. 1996ல் அந்த ஆலை மூடப்பட்டது. 1985ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியும் 1996லேயே நின்றது. ஜாவா 2018லும் எஸ்டி 2022லும் வேறு நிறுவனத்தின் கையில் மறுபடி வந்துவிட்டன. ஆனால் அவை முற்றிலும் புதிய வண்டிகள். பழைய எஸ்டியின் பாகம் வேண்டும் என்றால் பழைய இருப்பைத் தேட வேண்டும், அல்லது லேத்தில் கடைந்து வாங்க வேண்டும். வண்டியை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதம்

நான் முதலில் செய்த தவறு எஞ்சினைப் பிரித்தது. முதலில் பிரித்துப் பார்த்திருக்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குரிய விண்ணப்பம் படிவம் 25. வண்டியை நேரில் காட்டிச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். பசுமை வரி கட்ட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2,000 ரூபாய் என்று ஆயிற்று. காலம் தவறினால் தாமதக் கட்டணம் மாதா மாதம் ஏறிக்கொண்டே போகும். கடைக்காரர்களாகிய நமக்கு வட்டி எப்படி ஏறும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

உரிமையாளர் இறந்துவிட்டால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கு நினைவு இருக்கும் என்று கேட்பீர்கள். எனக்கும் இருக்கவில்லை. கடை வாடகைப் பத்திரமும் வங்கிக் கணக்கும் மாற்றுகிற அதே வாரத்தில் இதையும் சேர்த்துக்கொண்டால் தொல்லை இல்லை. நான் நான்கு வருடம் கழித்துப் போனேன். ஒரு வேலைக்காகப் பல நாள் கடையை விட்டு அலைந்தேன். அந்த அலைச்சலுக்கு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். தாமதம் என்னுடையது.

காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொது வழியில் ஓடக் கூடாது. பழைய வண்டிதானே, பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று எடுத்துப் போய் யார் மீதாவது மோதிவிட்டால், நஷ்ட ஈட்டை நம் கல்லாப்பெட்டியிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, பார்த்தால் கண்ணைப் பறிக்கிற மாதிரி பளபளப்பாக இருந்த ஒரு பழைய புல்லட்டைப் பெரும் தொகை கொடுத்து வாங்கினார். பெயர் மாற்றப் போனபோது எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. எவனோ வேறு வண்டியின் எஞ்சினைத் தூக்கி வைத்திருக்கிறான். அனுமதி பெறாமல் செய்த மாற்றத்தை அலுவலகம் ஏற்காது. இன்று அந்த வண்டி அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. ஓட்டவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. பெயிண்டைப் பார்க்கும் முன் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பாருங்கள். மூட்டையின் மேல் அரிசியை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவோமா? குத்தூசி போட்டு உள்ளே இருப்பதை எடுத்துப் பார்த்த பிறகுதானே பேசுகிறோம்.

ஐம்பது வயதும் 'வி.ஏ.' எண்ணும்

2024ல் எங்கள் புல்லட்டுக்கு ஐம்பது வயது நிறைந்தது. என் மகன் ஒரு செய்தியோடு வந்தான். "அப்பா, ஐம்பது வருஷம் ஆன வண்டிக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு இருக்கிறது, வாங்கிவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை" என்றான்.

அவன் சொன்னது சரிதான். மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிகள் அவை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத இரு சக்கர வண்டிகளும் நான்கு சக்கர வண்டிகளும் இதில் வரும். சேசிஸையோ எஞ்சினையோ பெரிய அளவில் மாற்றி அமைத்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புது எண்ணில் மாநில எழுத்துகளுக்குப் பின் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

நல்ல விதிதான். பழைய வண்டிகளுக்கு நாட்டில் ஒரு மரியாதை வந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். ஆனால் மேலே படித்ததும் நின்றுவிட்டேன். இந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சிக்கும், பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும், தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும், எண்ணெய் போடவும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது.

அதாவது செங்குன்றம் போய் அரிசி விலை கேட்டுவர அந்த வண்டி உதவாது. ஆடி ஞாயிற்றுக்கிழமை வெல்லம் ஏற்றி வர உதவாது. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அப்பா தராசைக் கண்ணாடிப் பெட்டியிலே வெச்சுக் கும்பிடுவியா, அதுலே எடை போடுவியா?" வழக்கமான ஐந்தாண்டுப் புதுப்பிப்பிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

சேகரிப்பாளர்களுக்கு அந்தப் பதிவு பொருத்தமானதுதான். மறுக்கவில்லை. ஆனால் நம்மைப் போன்ற கடைக்காரர்கள், வயது ஐம்பது ஆயிற்று என்பதற்காக அவசரப்பட்டு அதில் இறங்க வேண்டாம். உங்கள் வண்டி காட்சிக்கா, ஓட்டத்துக்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பராமரிப்பு என்பது பழக்கம்

பழைய வண்டிக்குச் செலவு அதிகம் என்பது பொதுவான பேச்சு. என் அனுபவத்தில், நின்று கெட்ட வண்டியைத் திருப்பி எழுப்பத்தான் செலவு அதிகம். ஓடுகிற வண்டியை ஓட வைக்க, செலவை விடக் கவனம்தான் அதிகம் வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாளாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைப்பது, ஓட்டாமல் விடுவதை விடக் கெடுதல். எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும். எண்ணெய் அளவை ஓட்டும் முன் பார்க்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பட் கம்பி விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. செயினுக்கு எண்ணெய், கேபிள்களுக்கு எண்ணெய், பேட்டரிக்குத் தண்ணீர். இவ்வளவுதான். எஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்கும் அளவில் கை தவறக் கூடாது. ஆர்.எக்ஸ். 100க்குத் தனி எண்ணெய் டாங்க் உண்டு. அது காலியானால் எஞ்சினும் காலி.

இப்போது புதிதாக ஒரு கவனமும் தேவைப்படுகிறது. 2025ல் நாடு முழுவதும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் நாளடைவில் இளக்கும். இந்த வண்டிகள் அதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே டாங்க்கில் பெட்ரோலை மாதக் கணக்கில் தேங்க விடாதீர்கள். பெட்ரோல் குழாயை இன்றைய எரிபொருளுக்கு ஏற்றதாக மாற்றுங்கள். சில வாரம் நிறுத்த வேண்டியிருந்தால் கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடுங்கள். நின்ற வண்டி கெடும் என்பது முன்னைவிட இன்று இன்னும் உண்மை.

இதற்கு நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றியது, எந்தப் பாகம் எங்கே வாங்கியது, என்ன விலை என்று கடைச் சிட்டை போலவே எழுதுகிறேன். மகனும் எழுதுகிறான். வண்டியோடு அந்த நோட்டும் அவன் கைக்குப் போகும்.

மெக்கானிக்கிடம் பேரம் வேண்டாம்

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் வண்டியை முதலில் சென்னையில் ஒரு பெரிய பட்டறையில் விட்டேன். கண்ணாடிக் கதவு, குளிர் வசதி, கணினியில் ரசீது. மூன்று மாதம் கழித்து வண்டி புதிது போல வந்தது. ஓட்டிப் பார்த்தால் ஆளில்லாத வீடு போல இருந்தது. அசல் கார்புரேட்டரைக் கழற்றி வேறொன்றைப் போட்டிருந்தார்கள். கேட்டதற்குச் சரியான பதில் இல்லை.

கடைசியில் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கமான, புளிய மரத்தடியில் ஒற்றை ஆளாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம்தான் போனேன். அவர் வண்டியைத் தொடும் முன் கண்ணை மூடிச் சத்தம் கேட்டார். "தம்பி, டைமிங் தள்ளி வெச்சிருக்காங்க" என்றார். புதுப்பேட்டையில் எந்தச் சந்தில் எந்தப் பாகம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார். நான்கு நாளில் அப்பாவின் வண்டி அப்பாவின் சத்தத்தோடு திரும்பி வந்தது.

கூலி கேட்டபோது, பழக்க தோஷத்தில் நான், "என்ன அண்ணே, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க கடையிலே பருப்பு வாங்கறப்போ நான் குறைச்சுக் கேக்கறேனா தம்பி?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

நம் சங்கக் கூட்டங்களில் நாம் என்ன பேசுகிறோம்? பெரிய அங்காடிகள் வந்துவிட்டன, கைப்பேசியில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது, சின்னக் கடைக்காரனை மக்கள் மறந்துவிட்டார்கள் என்று வருந்துகிறோம். கடனுக்குக் கொடுத்தோமே, கல்யாணத்துக்குச் சரக்கு அனுப்பினோமே, அதையெல்லாம் நினைக்க மாட்டார்களா என்று கேட்கிறோம். அதே நாம், கண்ணாடிக் கதவுப் பட்டறையில் ரசீது நீட்டினால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம்; புளிய மரத்தடி மெக்கானிக்கிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். இது நியாயமா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவருக்குப் பிறகு அந்தக் கடையை நடத்த ஆள் இல்லை. வந்த பையன்கள் எல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மாதச் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? கூலியைக் குறைத்துக் குறைத்துத் தொழிலை மெலிய வைத்தவர்கள் நாம்தான். கையை இழந்துவிட்டுப் பாகத்தை மட்டும் வைத்திருந்து என்ன பயன்?

மறுப்புகளுக்கு என் பதில்

"பழைய வண்டி புகை கக்கும், மைலேஜ் கொடுக்காது, பிரேக் பிடிக்காது, காலத்துக்கு ஒவ்வாததைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அன்றாட லோடுக்கும் டெலிவரிக்கும் புதிய வண்டிதான் சரி. நானும் அதற்கு டி.வி.எஸ். மொபெட்தான் வைத்திருக்கிறேன். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழக்கம் இல்லாத கடைப் பையன் கையில் அதைக் கொடுத்து அனுப்புவது ஆபத்து. ஆகவே வாரத்தில் இரண்டு நாள், பழக்கப்பட்ட கையில், புகைச் சான்றோடு, தலைக்கவசத்தோடு ஓட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

"நல்ல விலை வருகிறது, விற்று முதல் பண்ணினால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாக விற்கலாம். ஆனால் ஓட்டுகிறவருக்கு, பெயர் மாற்றத்தோடு விற்க வேண்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு விற்காதீர்கள். உங்கள் பேரில் பதிவு இருக்கும் வரை அந்த வண்டி எங்கே என்ன செய்தாலும் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இனி ஓடவே ஓடாது என்றால், அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு ஆர்.சி. புத்தகத்தை பீரோவில் வைத்திருப்பது விவரம் தெரிந்தவர் செய்கிற காரியம் அல்ல.

இன்னும் விலை ஏறும் என்று வாங்கிப் பதுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பருப்பைப் பதுக்கினாலே வண்டு விழும். மோட்டார் சைக்கிளைப் பதுக்கினால் துரு விழும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்துக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜைக்கு முந்தைய மாதம் ஒரு நாள் மாலை உறுப்பினர்களை வண்டிக் காகிதங்களோடு அழைக்க வேண்டும். பதிவுக் காலம், பெயர், காப்பீடு, புகைச் சான்று ஆகிய நான்கையும் சரிபார்த்து, தவறியவர்களுக்கு வழி சொல்லிக் கொடுக்க வேண்டும். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன் அதன் காகிதம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லதல்லவா?

இரண்டு, நம் பகுதியில் பழைய வண்டி வேலை தெரிந்த மெக்கானிக்குகளையும் உதிரிப் பாகக் கடைகளையும் பட்டியல் எடுத்து இந்த இதழில் வெளியிட வேண்டும். அவர்களில் யாராவது ஒரு பையனைச் சேர்த்துத் தொழில் கற்றுக் கொடுக்க முன்வந்தால், அந்தப் பையனுக்கு முதல் ஓராண்டு உதவித் தொகையை நாம் பகிர்ந்துகொள்ளலாம். இது தர்மம் அல்ல. நம் வண்டி ஓட வேண்டும் என்றால் நாம் போட வேண்டிய முதல்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பொன்னேரியிலிருந்து கோயிலுக்கு வந்திருந்தார். தரிசனம் முடிந்து கடைக்கு வந்து உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, மகன் புல்லட்டில் வெல்லப் பெட்டியோடு வந்து இறங்கினான். சத்தத்தைக் கேட்டதும் அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் கிடங்கிலும் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தால், இந்த வாரமே அதை விலக்கிப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். ஓட்டுவதா, ஒப்படைப்பதா என்று வீட்டாரோடு கலந்து முடிவு செய்யுங்கள். மூடி வைப்பது மட்டும் வேண்டாம்.